இருவர் மட்டும் மிஞ்சிய வீடு: ஆளுக்குப் பாதி தெரிந்தால் போதுமா?

மரைன்டிரைவ்_ரீச்சர்

வயது போன தம்பதிகளைப் பற்றிக் கதை வந்தால் எல்லோரும் தனிமையைப் பற்றியும் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பதைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். நான் வேறொன்று கேட்க வந்தேன். உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியுமா?

நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, அவர் தனியார் நிறுவனத்தில் வேலை செய்து நின்றவர். பிள்ளைகள் இரண்டும் வெளியில். எங்கள் கட்டடத்தில் போன வருடம் ஒரு ஐயா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்த சனம் கலைந்த பிறகுதான் அந்த அம்மாவுக்கு உண்மையான அந்தரம் தொடங்கியது. எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாது, ஐயாவின் போனைத் திறக்க நம்பர் தெரியாது, கட்டடப் பராமரிப்புக் கட்டணம் யாருக்குக் கட்டுவது என்றுகூடத் தெரியாது. அவ உலகம் தெரியாமல் வளர்ந்த ஆள் இல்லை, படித்தவ, நாலு பிள்ளைகளை ஆளாக்கியவ. இத்தனை வருடமும் அந்தப் பாதியை அவர் பார்த்தார், இந்தப் பாதியை அவ பார்த்தா, அவ்வளவுதான்.

அதே கட்டடத்தில் இன்னொரு வீட்டில் இதன் மறுபக்கம். மனைவி முழங்கால் ஒப்பரேஷனுக்குப் போய்ப் படுத்தபோது, அவ என்ன குளிசை எடுக்கிறா என்று டொக்டர் கேட்க, கணவருக்கு ஒரு பெயரும் சொல்லத் தெரியவில்லை. "சின்ன வெள்ளைக் குளிசை" என்றாராம். வீட்டுக்கு வந்தால் அரிசி எந்தப் பேணியில், மா எந்தப் பேணியில் என்றும் தெரியாமல் கடைச் சாப்பாட்டில் நாளைக் கடத்தினார்.

எங்கள் தலைமுறைக் கல்யாணங்கள் பலவற்றின் நிலை இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதியை மனதில் வைத்திருக்கிறோம். ஒருவர் போனால் பாதி வீடும் போய்விடும். இருவரும் தெம்பாக இருக்கும்போதே ஒருவர் பாதியை மற்றவர் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் வாயால் சொல்வது லேசு. வங்கிப் புத்தகத்தைக் காட்டுங்கோ என்று கேட்டால், "ஏன், நான் சாகப் போறனோ?" என்று அவர் முகம் சுருங்குகிறது. அவர் குசினிக்குள் வந்து என் டப்பாக்களைத் திறந்தால் எனக்கும் பிடிப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

தெகிவளைத்_தம்பி

அக்கா, உங்கள் கவலை புரிகிறது, ஆனால் இந்த வயதில் அவர்களைப் போட்டு ஏன் வதைக்க வேண்டும்? கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் ஒன்லைனில் கட்டலாம், நான் என் அம்மா அப்பாவுக்கு அப்படித்தான் கட்டுகிறேன். சாப்பாட்டுக்கு அன்ரி ஒருவர் சமைத்துக் கொண்டுவந்து தருகிறா. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் இது முடியும். கடைசிக் காலத்தில் பேசாமல் நிம்மதியாக இருக்கட்டுமே.

மரைன்டிரைவ்_ரீச்சர்

தம்பி, நீங்கள் தெகிவளையில் இருக்கிறீர்கள், ஓடி வரலாம். என் மகன் விடிய எழும்பும்போது எனக்கு இரவாகிவிடும். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல், லிப்ட் இல்லாமல், காஸ் இல்லாமல் இருந்தபோது பிள்ளைகள் காசு அனுப்பினார்கள், பாவம், அதைவிட அவர்களால் என்ன செய்ய முடியும்? வரிசையில் நின்றது நாங்கள் இருவரும்தான். அதோடு, பில்லை மகன் கட்டினால் அவருக்கும் எனக்கும் நிம்மதி என்று நான் நினைக்கவில்லை. நம் வீட்டு நடப்பு நம் கையில் இருக்கும்வரைதான் நாம் அந்த வீட்டுக்காரர். அதை முன்கூட்டியே தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பழைய_கணக்கர்

ரீச்சர் தொட்ட விடயம் என் தொழிலோடு சேர்ந்தது. நான் வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்தவன். கணவர் இறந்து சில நாட்களில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் உட்காரும் அம்மாமாரை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்குகள். கணவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கு, அவர் இறந்தது வங்கிக்குத் தெரிந்தவுடன் நின்றுவிடும். ஏ.ரி.எம். அட்டை கையில் இருக்கிறதே என்று எடுப்பது பிறகு வழக்காகவும் வரலாம். கணக்குக்கு நியமனதாரி, அதாவது தனக்குப் பிறகு பணம் யாருக்கு என்று, பெயர் கொடுத்திருந்தால் வேலை சுலபம். கொடுக்கவில்லை என்றால், தொகையைப் பொறுத்து, நீதிமன்றம் வரை போய் ஆதன நிருவாகப் பத்திரம் எடுக்க வேண்டி வரும். கூட்டுக் கணக்கு என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கணக்கு ஒன்று, இருவரில் யாராவது ஒருவரோ எஞ்சியிருப்பவரோ எடுக்கக்கூடிய கணக்கு இன்னொன்று. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவது என்று நம்பி இருப்பவர்கள் அநேகம். நாளைக்கே போய்க் கேளுங்கள், கிளையில் உடனே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது ஓய்வூதியம். அரச சேவையில் இருந்தவர் இறந்தால் மனைவிக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். 1983 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அரச சேவைப் பெண்களும் இதற்குப் பணம் கட்டுகிறார்கள், ஆகவே மனைவி இறந்தால் கணவருக்கும் தபுதாரர் ஓய்வூதியம் உண்டு. ரீச்சர், உங்கள் கணவருக்கு இது தெரியுமா? எனக்குத் தெரிந்த ஆண்கள் பலருக்குத் தெரியாது. இதற்கு விவாகப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். எங்கள் சனத்தில் பலரின் பத்திரங்கள் 83 கலவரத்தில் எரிந்தன, மிச்சம் இடம்பெயர்வுகளில் தொலைந்தன. இருக்கும் பத்திரத்திலோ, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, விவாகச் சான்றிதழில் வேறொரு எழுத்து. "இரண்டும் ஒரே ஆள்தான்" என்று நிறுவ அந்த நேரத்தில் அலைவதைவிட இப்போதே பிரதேச செயலகத்தில் சான்றுப்படுத்திய பிரதி எடுத்து, பெயர் வித்தியாசம் இருந்தால் சத்தியக் கடதாசி முடித்து வைப்பது மேல். கிடைக்காவிட்டால் பத்தரமுல்லையில் பதிவாளர் நாயகம் திணைக்களம்.

தனியார் துறையில் இருந்தவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி: ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுக்கலாம். இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண், அந்த வயது வரும் முன்பே பணத்தை எடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் காலத்துப் பெண்கள் பலர் அப்படி எடுத்து, அது கல்யாணச் செலவிலோ வீட்டு அத்திவாரத்திலோ போய்விட்டது. அதனால்தான் அறுபது வயதில் அவர்கள் பெயரில் ஒரு சதமும் இல்லை, கணவருடைய பெயரில் எல்லாம் இருக்கிறது. அவர் வைப்பில் போட்டிருக்கும் காசில் அந்தப் பெண்ணின் பங்கும் இருக்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது.

மூத்த பிரசைகளுக்கு 15 சதவீத வட்டி கிடைத்த வைப்புகளை நம்பி இருந்தவர்கள் 2022 இல் அது நின்றபோது பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஆகவே வைப்பு முதிர்கிற திகதி, வட்டி எந்தக் கணக்கில் விழுகிறது என்பதை இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை_ஐயா

கணக்கர் ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் குசினிப் பக்கத்தைச் சொல்கிறேன்.

என் மனுசிக்குக் கண்ணில் கற்றரக்ட் வெட்டிய பிறகு அடுப்படிப் புகையில் நிற்கக் கூடாது, குனியக் கூடாது என்றார்கள். அதுவரைக்கும் நான் தேத்தண்ணி மட்டும்தான் ஊற்றுவேன். கடைச் சாப்பாடு எனக்குச் சீனியையும் பிரஷரையும் ஏற்றுகிறது, அவவுக்கு வயிறு ஏற்பதில்லை. சரி, படிப்போம் என்று இறங்கினேன். அவ கதிரையைப் போட்டுக் குசினி வாசலில் இருந்து சொல்லுவா, நான் செய்வேன்.

தேங்காய்ப்பால் சொதிதான் முதலாவது. வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், இரண்டாம் பாலில் அவிய விட்டு, பிறகு முதற்பால். முதற்பால் விட்டதும் அகப்பையை எடுக்கக் கூடாது, கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும், பொங்க வரும்போதே இறக்க வேண்டும், இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் புளி. இது எதையும் அவ அளவு சொல்லித் தரவில்லை. "வாசம் மாறும், அப்போது விடுங்கோ" என்பா. எந்த வாசம் என்று எனக்குப் பிடிபட ஒரு மழைக்காலம் போனது. புட்டுக்கு மா குழைக்கும்போது, சுடுதண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரலால் உதிர்க்க வேண்டும், கையில் பிடித்தால் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை இப்போது நானே பெட்டிக்கடையில் பார்த்து வாங்குகிறேன். குரக்கன் மாவில் போட்டால் இன்னும் கவனம் வேண்டும், கட்டிபட்டுவிடும்.

சண்டை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். "இஞ்சருங்கோ, அந்தக் கரண்டியை மிளகாய்த்தூளுக்குள் போடாதையுங்கோ" என்று அவ நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவா. எனக்குக் கோபம் வரும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று விளங்கியது. அந்தக் குசினி அவ வேலைத்தலம். கரண்டி எங்கே, எந்தத் துணி எதற்கு, தேங்காய்ச் சிரட்டையை எங்கே காய வைப்பது எல்லாவற்றுக்கும் அவவிடம் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதை ஒருநாளும் யாரும் ஒழுங்கு என்று மதித்துப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. இவ்வளவு காலமும் நான் சாப்பிட்டது ஒரு கைத்தொழில்காரியின் வேலை. தேங்காய் 200 ரூபாய்க்கு ஏறிய நேரத்தில், ஒரு தேங்காயை இரண்டு நாள் கறிக்கு எப்படிப் பிரிப்பது என்று அவ காட்டியபோது, என் கந்தோரில் ஒரு வரவுசெலவுத் திட்டமும் இவ்வளவு நுணுக்கமாகப் போட்டதில்லை என்று நினைத்தேன்.

இப்போது அவவுக்குக் கண் நல்லாயிருக்கு. செவ்வாயும் வெள்ளியும் இன்னும் நான்தான் சமைக்கிறேன், மரக்கறி நாள்.

தெமட்டகொடை_உம்மா

ஐயா எழுதியதை எங்கட ஹஸ்பண்டுக்கு வாசித்துக் காட்டினேன். அஸ்ஸலாமு அலைக்கும் எல்லோருக்கும்.

எங்களுக்கு வந்த கஷ்டம் வேறு. அவர் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர், மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கத் தொடங்கினார். நாற்பது வருடமாகப் பகல் முழுக்க வீடு என்னுடையது, இரவில் மட்டும் அவர் வருவார். திடீரென்று பகலிலும் ஒரு மனிதர் நடு ஹோலில் உட்கார்ந்திருக்கிறார், ஏன் இந்த நேரத்தில் பெருக்குகிறாய், யாரிடம் போனில் பேசுகிறாய் என்று கேட்கிறார். நான் எது சொன்னாலும் பதில் இல்லை. ரிவியை மட்டும் அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி வைக்கிறார். என்னை மதிக்கிறார் இல்லை என்றே நான் முடிவுக்கு வந்துவிட்டேன், மகளிடம் அழுதும் இருக்கிறேன். கடைசியில் மகள்தான் காது டொக்டரிடம் கூட்டிப் போனாள். இரண்டு காதும் குறைந்திருக்கிறது. அவருக்கு நான் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை. இப்போது காதுக் கருவி போட்ட பிறகு வீட்டில் பாதிச் சண்டை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இதை எழுதுவது, யாராவது ஒரு தங்கச்சி இதே மாதிரி மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்தால் முதலில் காதைப் பார்க்கட்டும் என்பதற்காக.

வார்ட்_மிஸ்ஸி

உம்மா சொன்னதற்கு ஒரு காரணம் சேர்க்கிறேன், நான் ஓய்வுபெற்ற தாதி. வயதால் வரும் காது மந்தத்தில் மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். அதனால் ஆண் குரல் கேட்கும், பெண் குரலும் பேரப்பிள்ளைகளின் குரலும் தெளியாது. பக்கத்து வீட்டு அண்ணனோடு நல்லாய்க் கதைக்கிறார், எனக்கு மட்டும் பதில் இல்லை என்று மனைவிமார் சொல்வதற்குப் பின்னால் பல வீடுகளில் இதுதான் இருக்கிறது. சில பேருக்கு வெறும் காதுக் குறும்பியாகவும் இருக்கலாம், எடுத்துவிட்டால் சரி.

மருந்து விடயத்தில் ரீச்சர் சொன்ன "சின்ன வெள்ளைக் குளிசை" எனக்கு வார்ட்டில் தினசரி கேட்ட பதில். இருவருடைய கிளினிக் கொப்பியும் ஒரே லாச்சியில் இருக்கட்டும், மருந்துப் பெயர், அளவு, எது காலை எது இரவு, எதற்கு ஒவ்வாமை என்று ஒரு தாளில் எழுதி இருவர் போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

சீனி வருத்தக்காரர்களின் துணைக்கு இதைத் தெரியாமல் இருக்கக் கூடாது: இரத்தத்தில் சீனி கூடுவதைவிட இறங்குவது கெதியான ஆபத்து. மெட்போர்மின் மட்டும் எடுப்பவருக்கு அவ்வளவு இறங்காது, கிளிக்ளசைட் மாதிரிக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைத் தவறவிட்டால் இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், ஏறுமாறாகப் பேசுவார், சில வேளை எரிந்து விழுவார், அதைக் குணக்கேடு என்று நினைத்துவிடாதீர்கள். உணர்வு இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990 க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிக்கும் அம்மாமார், மருந்தை என்ன செய்வது என்று விரதத்துக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள், நீங்களாகக் குளிசையைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். நோன்பு பிடிப்பவர்களுக்கும் இதேதான்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க ஏலாவிட்டால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதமாக இருக்கலாம், விடியட்டும் பார்ப்போம் என்று எண்ணெய் தேய்க்க வேண்டாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அது தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடலாம்.

ஐம்பத்தேழாம்_ஒழுங்கை

எல்லோரும் நல்லதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வாசிக்க எனக்கு ஒரு பொருமல். கொட்டாஞ்சேனை ஐயா சொதி வைத்ததற்கு எல்லோருக்கும் மனம் நிறைகிறது, எனக்கும்தான். ஒரு பெண் எழுபது வயதில் வங்கி வேலையும் படித்துக்கொண்டால், அது அவ தலையில் இன்னொரு வேலையாகத்தானே ஏறுகிறது? சமையலை அவர் பாதி எடுத்துக்கொண்டாரா என்று பார்க்காமல் பில் கட்டுவதை மட்டும் அவ படித்தால், "இனி நீரே பாரும்" என்று அதையும் அவவிடமே விட்டுவிடுவார்கள். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. படிப்பது என்றால் வேலை கை மாற வேண்டும், கூடக் கூடாது. நான் இப்போது மின்சாரப் பில்லையும் மாநகர சபை வரியையும் பார்க்கிறேன், அதற்குப் பதிலாகச் சந்தையும் உடுப்புத் தோய்ப்பதும் அவருடையது என்று நின்றுவிட்டேன். முதலில் மீனைத் தெரியாமல் பழையது வாங்கி வந்தார். வெட்டி அவித்துக் கொடுத்தேன், அவரே சாப்பிட்டுப் பார்த்தார். இப்போது செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

தெகிவளைத்_தம்பி

ரீச்சர் அக்கா, நான் சொன்னதில் ஒரு பகுதியை இன்னும் விட மாட்டேன், ஒன்லைனில் பிள்ளைகள் கட்டுவது உதவிதான். ஆனால் கணக்கர் ஐயா எழுதியதை அப்பாவிடம் கேட்டேன். கூட்டுக் கணக்கு இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற வகை. அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. திங்கட்கிழமை மூவருமாகப் போகிறோம்.

மரைன்டிரைவ்_ரீச்சர்

தம்பி, மிகவும் சந்தோசம். ஐம்பத்தேழாம் ஒழுங்கை அக்கா, கை மாற வேண்டும் என்று நீங்கள் எழுதியதை அவருக்கு அப்படியே வாசித்தேன். தபுதாரர் ஓய்வூதியம் பற்றி அவருக்குத் தெரியாது, கணக்கர் ஐயா. "நீர் போனால் எனக்குக் காசு வரும் எண்டு சொல்லிப் படிக்கிறதோ?" என்று எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டார். அங்கேதான் எனக்கு விளங்கியது, அவர் வங்கிப் புத்தகத்தைக் காட்டாமல் இருப்பது என்னை நம்பாமல் இல்லை. அதைத் திறந்தால் நாங்கள் இருவரும் ஒரே நாளில் போக மாட்டோம் என்பதையும் சேர்த்துத் திறக்க வேண்டி வருகிறது. அதற்குப் பிறகு நான் சாவைச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டேன். "நீங்கள் காய்ச்சலில் படுத்தால் கரண்ட் பில்லை நான் எப்படிக் கட்டுவது?" என்று கேட்டேன். உடனே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து இருந்தார். பழைய கொப்பி ஒன்றில் அவர் கையெழுத்தில் எல்லாம் எழுதுகிறார், நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன். பின்பக்கத்தில் இருந்து என் பாதி: மருந்து, பலசரக்கு, கோயில் திருவிழா உபயம், யார் வீட்டுச் சடங்குக்கு நாங்கள் எவ்வளவு செய்தோம் என்ற கணக்கு. அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்து அவர் ஆடிப்போனார், இவ்வளவு உறவையும் நான் மனதில் வைத்திருந்தேனா என்று.

ஒரு கேள்வி மிச்சம். வீடு அவர் பெயரில். நாங்கள் யாழ்ப்பாணம். மரணசாசனம் எழுதாமல் விட்டால் அது எனக்குத்தானே வரும்?

பழைய_கணக்கர்

இல்லை, அப்படி நினைத்து இருந்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழர் கொழும்பில் இருந்தாலும் தேசவழமை என்ற யாழ்ப்பாணச் சொத்துச் சட்டம் அவர்களைத் தொடரும். கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த தேடியதேட்டத்துக்கு ஒரு கணக்கு, பரம்பரையாக வந்த முதுசத்துக்கும் சீதனத்துக்கும் வேறு கணக்கு. முழு வீடும் தானாக உங்களிடம் வந்துவிடாது, பிள்ளைகளுக்கும் பங்கு போகும். பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தாலும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கையெழுத்து எடுத்து முடிக்க நீங்கள் களைத்துப் போவீர்கள். மரணசாசனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதலாம். நொத்தாரிசு இல்லாமலும் செல்லும், ஆனால் ஐந்து சாட்சிகள் வேண்டும். நொத்தாரிசிடமே போங்கள். வீட்டு உறுதியின் மூலப் பிரதி, இருவரின் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் கொண்டுபோங்கள், உங்கள் பெயரில் உள்ளவற்றுக்கு நீங்களும் அன்றைக்கே ஒன்று எழுதுங்கள்.